மாதிரி விடுதலைப் பத்திரம்

தங்கையா தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கெழுதும் கிராணி. அந்த வேலை வயிற்றுப்பாட்டுக்குத்தான், உண்மையில் தான் ஒரு புகைப்படக் கலைஞர் என்பது அவருடைய கட்சி. தோட்டத்தில் யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்காவிட்டால் என்ன, அவரே சொல்லிவிடுவார்.

எழுபத்தெட்டாம் ஆண்டு அது. கோலாலம்பூரில் ஒரு புகைப்படக் கம்பெனி இருந்தது. ஸ்லைடுகளை அனுப்பினால் இழுப்பறையில் போட்டு வைத்துக்கொள்வார்கள். நாள்காட்டி அச்சடிப்பவனோ பிஸ்கட் டின் செய்பவனோ மலைப்பக்கத்துப் படம் கேட்டு வந்தால் எடுத்துக் காட்டுவார்கள். பிடித்திருந்தால் அவன் ஒருமுறை அச்சிட்டுக்கொள்ளலாம். படம் என்னவோ எடுத்தவருக்கே சொந்தம். வீட்டை வாடகைக்கு விடுவதுபோலத்தான். மூன்று வருடமாகத் தங்கையாவின் வீட்டுக்குக் குடிவர ஆளில்லை, அவ்வளவுதான்.

தேறவில்லை என்று திருப்பி அனுப்பும் ஒவ்வொரு கட்டோடும் கம்பெனி ஒரு பக்கம் புத்திமதியும் வைத்து அனுப்பும். தங்கையாவுக்கு அது தலைகீழ்ப் பாடம். ஒரே காட்சியை நெட்டையாகவும் எடு, படுக்கையாகவும் எடு. எழுத்துப் போட ஓரத்தில் வெற்றிடம் விடு. நூறு அனுப்பாதே, தேறிய இருபதை அனுப்பு. எந்த ஊர், எந்த மாதம், என்ன வேலை என்று ஒவ்வொரு ஸ்லைடின் அட்டைச் சட்டத்திலும் எழுது. படத்தில் கொஞ்சம் சிவப்பு இருந்தால் விற்கும்.

இந்தக் கடைசி வரியைப் படித்த அன்றே தானா ராத்தா டவுனுக்குப் போய் ஒரு சிவப்புத் துண்டு வாங்கினார். கொழுந்து பறிக்கும் பெண் யாரைப் படமெடுத்தாலும் முதலில் தலையில் அதைக் கட்டச் சொல்வார். ஆறு மாதம் கழித்து கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது: ‘உங்கள் தோட்டம் முழுவதற்கும் ஒரே துண்டுதானா?’

அவராகக் கண்டுபிடித்ததும் ஒன்று உண்டு. வீட்டுக்குள்ளிருந்து காலைக் குளிருக்குக் கேமராவைக் கொண்டுபோனால் அதன் கண்ணாடி உள்பக்கம் வேர்த்துப்போகும். அதனால் அரை மணி நேரம் முன்னதாகவே பையோடு வெளியே மாட்டிவிடுவார். அதுவரை எடுத்ததிலெல்லாம் இருந்தது பனிமூட்டம் இல்லை, வேர்வை என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

அப்படிப்பட்டவருக்கு ஒருநாள் அதிர்ஷ்டம் அடித்தது. இராசம்மா கூடையும் முதுகுமாகச் சரிவில் நின்று கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். தங்கையா ஒரு கண்ணை மூடிக்கொண்டு பின்னாலேயே நகர்ந்தார். பின்னால் தண்ணீர் ஓடும் கான் இருந்ததைக் கவனிக்கவில்லை. விழுகிற வேகத்தில் விரல் பொத்தானை அமுக்கிவிட்டது. கிராணி தண்ணீரில் கால் மேலாகச் சாய்வதைப் பார்த்து இராசம்மா சிரித்த சிரிப்பும், அவளுக்கு வலப்பக்கம் வெறும் வெள்ளைப் பனியும் படத்தில் பதிந்துவிட்டன. ‘எழுத்துப் போட எவ்வளவு அருமையாக இடம் விட்டிருக்கிறீர்கள்!’ என்று கம்பெனி பாராட்டி எழுதியது. ஒரு நாள்காட்டிக்காரர் அந்தப் படத்தைக் கேட்டிருந்தார். அதில் இருக்கும் பெண் கையெழுத்திட்ட தாள் மட்டும் மாதக் கடைசிக்குள் வந்து சேர வேண்டும். வராவிட்டால் வேறு யாருடைய படமாவது போகும்.

கடிதத்தோடு ஆங்கிலத்தில் ஒரு தாள் இருந்தது. புரியாத தாளில் ஒரு பெண்ணிடம் கையெழுத்து வாங்குவது தங்கையாவுக்கு நியாயமாகப் படவில்லை. அதனால் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழிலும் எழுதி அதோடு இணைத்தார். தலைப்பில் ‘மாடல் ரிலீஸ்’ என்று இருந்தது. மாடல் என்றால் மாதிரி. ரிலீஸ் என்றால் விடுதலை. கொட்டை எழுத்தில் எழுதி அடியில் இரண்டு கோடும் போட்டார்: மாதிரி விடுதலைப் பத்திரம்.

புதன்கிழமை கொழுந்து நிறுவைக்கு வந்தபோது இராசம்மாவிடம் அதைக் கொடுத்தார்.

“நீங்கதான படம் எடுத்தீங்க, நான் எதுக்கு ஐயா கையெழுத்து போடணும்?”

“முகம் உன்னுதுலா. உன் சம்மதம் இல்லாம அச்சடிச்சா நீ அவங்கள கோர்ட்டுக்கு இழுக்கலாம்.”

“எம்மொகத்துக்கா!” என்று மறுபடியும் அதே சிரிப்பைச் சிரித்தாள். “வீட்டுல வச்சி படிச்சிட்டு தாரேன்.”

சம்மதம் என்ற சொல் அவர் வாயில் வந்ததே ஒழிய, தலைப்பு எழுதும்போது கையில் வரவில்லை. தோட்டத்தில் விடுதலைப் பத்திரம் என்றால் ஒன்றுதான். போன வருடம் ஐந்தாவது லயத்தின் வரிசை வீடு ஒன்றில் புருஷனும் பெண்சாதியும் ஒத்துவராமல் பிரிந்தபோது கோயில் கமிட்டி எழுதி வாங்கியது அதைத்தான்.

மறுநாள் கேட்டார். “நாளைக்கி தாரேன் ஐயா” என்றாள். அந்த ‘நாளைக்கு’ வந்ததும் கேட்டார். விளக்கு சரியில்லை, கண்ணு தெரியவில்லை என்றாள். அடுத்த வாரமும் அதே கதைதான். சனிக்கிழமைத் தபாலை விட்டால் மூன்று வருடத் தவமும் போச்சு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இராசம்மாவின் புருஷன் ஆண்டியப்பன் ஆபீசுக்குள் வந்தான். கொழுந்து லோரி ஓட்டுகிறவன். வளைவு நெளிவான அந்த மலைப்பாதையில் எதற்கும் அசராத ஆள், தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்றான்.

“ஐயா, நீங்களே எழுதி குடுத்தீங்களாமே.”

“எதை?”

“பத்திரத்த. எம்பொஞ்சாதி கண்ணாடிக்கி பின்னால சொருகி வச்சிருக்கு. அந்த முதல் வரிக்கி மேல என்னால படிக்க முடியல. மாதிரின்னு போட்டிருக்கீங்க, நெசத்த அப்புறமா எழுதுவீங்களா? ஒம்போது நாளா தண்ணி தூக்குறேன், வெறகு பொளக்குறேன். போன ஞாயித்துக்கெழம தானா ராத்தாவுல பூ வாங்கியாந்தேன். வாங்கி வச்சிக்கிச்சி, ஒரு வார்த்த பேசல. நான் என்னா தப்பு செஞ்சேன்னு நீங்களாச்சும் சொல்லுங்க ஐயா.”

தங்கையாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நிமிர்ந்து அவன் கண்ணைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. தன் தமிழ்மீது அவருக்கு முதன்முதலாகச் சந்தேகம் வந்த நேரம் அதுதான். நாற்காலியை இழுத்துப் போட்டு, படம், கம்பெனி, நாள்காட்டி எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். ஆண்டியப்பன் இரண்டு தடவை கேட்டுவிட்டு, “அப்போ இந்த விசயம் எம்பொஞ்சாதிக்கி தெரியாதா?” என்றான்.

சாயங்காலம் இரண்டு பேருமாக லயத்துக்குப் போனார்கள். இராசம்மா தாளை எடுத்து வந்து நீட்டினாள். இன்னும் கையெழுத்து இல்லை.

“எனக்கு அன்னிக்கே தெரியும். ரெண்டாவது வரியிலதான் ‘எனது புகைப்படத்தை’ன்னு எழுதியிருக்கே” என்றாள்.

“அப்புறம் ஏன் இத்தன நாளு? நாளைக்கி தபால்!” என்று தங்கையா பதறினார்.

“பதினாறு வருசத்துல இந்த மனுசன் என்னய ‘சாப்ட்டியா’ன்னு கேட்டது இந்த ஒம்போது நாளுதான் ஐயா. கையெழுத்து போட்டுட்டா நின்னு போயிருமே.”

ஆண்டியப்பன் கோபப்படுவான் என்று தங்கையா நினைத்தார். அவன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

“பயந்துட்டேன் புள்ள. லோரி ஓட்டயில ரோடே தெரியல” என்றான்.

இராசம்மாவின் முகத்திலிருந்த குறும்பு அப்படியே வடிந்துவிட்டது. அவன் பயப்படுவது வேடிக்கையாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். இவ்வளவு பயப்படுவான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டி, மெதுவாகப் பேரை எழுதினாள். சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் வேண்டும் என்று தங்கையா தயங்கித் தயங்கிச் சொன்னார். ஆண்டியப்பன் எழுந்து வந்து தலைப்பைப் பார்க்காமல் அவள் பேருக்குக் கீழே தன் பேரைப் போட்டான்.

சனிக்கிழமை காலையில் தபால் போயிற்று. தங்கையா புதிய தாள் ஒன்றை எடுத்து, இனிமேல் வைத்துக்கொள்ளலாம் என்று ‘சம்மதப் பத்திரம்’ என எழுதிக்கொண்டிருந்தபோது கொழுந்து பறிக்கும் இன்னொரு பெண், மணியம்மா, ஜன்னலோரம் வந்து நின்றாள்.

“ஐயா, எனக்கும் ஒண்ணு குடுங்க.”

“உன்னைய நான் படமே எடுக்கலையே.”

“படம் வேணாம் ஐயா. பத்திரம் மட்டும் போதும். அந்தப் பழைய தலப்பு போட்டது.”

“அது சும்மா படத்துக்கான தாள், மணியம்மா.”

“தெரியும் ஐயா, இராசம்மா சொல்லிருச்சி. எனக்கு தெரிஞ்சா போதாதா? எங்க வீட்டுக்காரருக்கு எதுக்கு தெரியணும்?”

தங்கையா வெளியே பார்த்தார். நிறுவைக்குக் கூடைகள் வந்துகொண்டிருந்தன. லோரியை ஓரமாக நிறுத்திவிட்டு ஆண்டியப்பன் ஒரு கூடையைச் சுமந்து வந்தான். இராசம்மா வெறுங்கையை வீசிக்கொண்டு அவனுக்கு முன்னால் நடந்தாள். பயம் தெளிந்து ஒரு ராத்திரி ஆகிவிட்டது, ஆனாலும் அவன் குனிந்து அவளிடம் ஏதோ கேட்டான். அவள் சாப்பிட்டுவிட்டேன் என்பதுபோலத் தலையாட்டினாள்.

தங்கையா பழைய தலைப்பையே இன்னொரு தாளில் எழுதினார். அடியில் இரண்டு கோடும் போட்டார்.