தூக்குவாளியில் மோர்

என் வீட்டுக்காரர் வைரக்கண்ணு வாழ்நாளில் ஒரே ஒரு மீன்தான் பிடித்தார். அதையும் அவர் பிடிக்கவில்லை.

அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, பெரம்பலூர் டவுனுக்குத் தண்ணீர் போகும் நீர்த்தேக்கத்தில் ஞாயிறுதோறும் மிதிபடகு வாடகைக்கு எடுப்பார். தனி டிக்கெட் வாங்கினால் தூண்டிலும் போடலாம். மதியம் மீனோடு வருவார். பல நாள் அது செதில் எடுத்த மீனாக இருக்கும். நான் கேட்டதில்லை. இரண்டு கையையும் விரித்து, அது எப்படி இழுத்தது என்று அவர் சொல்லச் சொல்லக் குழம்பு வைப்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஒருநாள் சங்கரா மீனோடு வந்துவிட்டார். பாடாலூரிலிருந்து வந்திருந்த என் தம்பி செல்லமுத்து இலையில் அதைப் புரட்டிப் பார்த்தான்.

"மாமா, இது கடல் மீனு. பெரம்பலூருக்கு எந்த பஸ்ல வந்துச்சு?"

"போன மழையில ஏறி வந்திருக்கும் மாப்ள."

"அடுத்த ஞாயிறு நானும் படகுல வரேன். என் கண்ணு முன்னாடி ஒண்ணு பிடிங்க. இல்லன்னா நந்தினி கல்யாணப் பந்தியில இந்தச் சங்கரா கதையை எலைக்கு எலை சொல்லுவேன்."

எங்கள் மகள் கல்யாணத்துக்கு இருபது நாள்தான் இருந்தது. சம்பந்தி வீட்டாரிடமும் இவர் மீன் பெருமை பேசிவைத்திருந்தார். அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. கொல்லையில் மண்புழு தோண்டிக்கொண்டே இருந்தார்.

ஞாயிறு காலை நான் சந்தையில் உயிருள்ள விரால் ஒன்று வாங்கினேன். கொஞ்சம் தண்ணீர் இருந்தால் விரால் சாகாது. தூக்குவாளியில் போட்டு மூடி, "மோர் எடுத்திருக்கேன், நானும் வரேன்" என்று கிளம்பினேன்.

முன்னிருக்கையில் இருவரும் மிதித்தார்கள். தூண்டில் நரம்பை அவர் விரலில் சுற்றி, படகுக்குப் பின்னால் விட்டிருந்தார். பின்னிருக்கையில் நான்.

"அக்கா, வாளிக்குள்ள என்ன துடிக்குது?"

"மோருதான். உங்க மாமா மிதிக்கிற மிதியில அலம்புது."

"அப்ப ஒரு வாய் குடு."

"மீன் மாட்டட்டும், தரேன்."

கரையில் விசில் ஊதினார்கள். நேரம் முடிந்தது. அவர் கழுத்தின் பின்புறம் வேர்த்து வழிந்தது.

"அங்க நிக்கிறது நம்ம சம்பந்திதானே?" என்றேன். இருவரும் கரையைப் பார்த்தார்கள். நரம்பை மெல்ல இழுத்து, விராலைத் தூண்டில் முள்ளில் மாட்டித் தண்ணீருக்குள் விட்டேன்.

அவர் விரல் வெடுக்கென்று இழுபட்டது. இழுத்துப் போட்ட மீனைப் பார்த்துச் செல்லமுத்து மிதிப்பதையே மறந்துவிட்டான். "தப்பா பேசிட்டேன் மாமா" என்றான். பிறகு மோருக்குக் கை நீட்டினான்.

"நானே குடிச்சிட்டேன்டா."

"முழுசாவா?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். வாளியை வாங்கினார். மூடியைத் திறந்து ஏரித் தண்ணீரில் நன்றாக அலசிவிட்டு, "உங்க அக்காவுக்கு வெயில் ஒத்துக்காது மாப்ள" என்றார்.

பந்தியில் செல்லமுத்துதான் எலைக்கு எலை அந்த விரால் கதையைச் சொன்னான். இவர் வாயே திறக்கவில்லை. வாங்கிய மீனுக்கெல்லாம் கையை விரித்தவர், சாகிற வரை இந்த மீனுக்கு மட்டும் விரிக்கவே இல்லை.

அவருடைய பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களிடம் செல்லமுத்து மறுபடியும் சொன்னான். விரால் இப்போது முழங்கை நீளம் தாண்டிவிட்டது. நான் எல்லாருக்கும் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன், அதே வாளியிலிருந்து.