குட்டைக் கயிறு

கணக்கு தப்பாகப் போயிருந்தால் கயல்விழிக்கு அழுது தீர்க்கவாவது ஒரு வழி இருந்திருக்கும். பாழாய்ப்போன கணக்கு கடைசிவரை சரியாகவே இருந்தது.

அவள் புருஷன் கொளஞ்சியப்பனுக்குப் பீங்கான் கம்பெனியில் டிராலி இழுக்கிற வேலை. சுடாத பியூஸ் கட்டைகளைத் தட்டுத் தட்டாக அடுக்கி, தண்டவாளத்தின் மேல் சூளைவரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். டிராலியின் முன்னால் கட்டியிருக்கும் கயிற்றைத் தோளில் போட்டு அவன் இழுப்பான். மாணிக்கவேலும் இன்னொருத்தரும் பின்னாலிருந்து தள்ளுவார்கள். ஆறு வருஷ இழுப்பில் அவனுடைய வலது தோள் வீங்கிப்போய், சட்டை மாட்டக்கூட அவள் கை கொடுக்க வேண்டியிருந்தது. இப்படியே போனால் அந்தக் கையைத் தூக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொன்னால் கேட்கிற ஆளா அவன்? "தோளு போனா போவுது, அதான் இன்னொண்ணு இருக்குதே" என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கயல்விழி ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறவள். அவன் மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கப் போன அன்றைக்குத்தான் அந்தக் கயிற்றைப் பார்த்தாள். மூன்று முழம்கூடத் தேறாது. தரையை ஒட்டியிருந்த கொக்கியிலிருந்து அவன் தோளுக்குச் செங்குத்தாக ஏறாத குறைதான். போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். மறுநாள் வகுப்பில் ஒரு பிள்ளையின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானியை வாங்கி, போன் திரையின் மேலேயே வைத்துப் பார்த்தாள். அறுபது டிகிரி.

அந்த வாரம்தான் அதே பாடத்தை நடத்தியிருந்தாள். சாய்வாக இழுக்கிற விசையில் தரையோடு போகிற பங்குதான் வேலை செய்யும், மேல் பார்த்த பங்கு செய்கிற வேலை சுழியம் என்று நாற்பது பிள்ளைகளை எழுத வைத்திருந்தாள். அறுபது டிகிரி என்றால் சரிபாதி. ஆறு வருஷமாக இந்த மனுஷன் தோளைக் கொடுத்து இழுத்ததில் பாதி ஆகாசத்துக்குப் போயிருக்கிறது!

சாயந்திரம் பரீட்சைப் பேப்பரின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினாள்.

"என்னங்க, கயித்த நீளமாக்கி முப்பது டிகிரிக்கு இறக்குனா போதும்ங்க. நூறு கிலோ பலத்துல இழுக்கற எடத்துல அறுவதுகூட வேணாம்."

"அது நான் சேர்றதுக்கு முன்னாடியே அப்பிடித்தான் இருக்குது கயலு."

"முன்னாடியே இருந்தா சரியாயிடுமா? மேல தூக்கற பலம் வீணுங்க. சுத்தமா வீணு."

அவன் படத்தைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்தான். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான்.

கடைவீதியில் நைலான் கயிறு வாங்கி, ஐந்து முழத்துக்கு மேல் அளந்து, முடிச்சு விழ வேண்டிய இடத்தில் மை வைத்து அவளே கொடுத்தனுப்பினாள். மூன்று நாள் தைல பாட்டிலுக்கு வேலையில்லை. அவனே சட்டை மாட்டிக்கொண்டான். கயல்விழிக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பில்கூட இந்தக் கதையைப் பெருமையாகச் சொன்னாள்.

பாடப்புத்தகத்தில் தரை எப்போதும் வழவழப்பாக இருக்கும். கம்பெனித் தரை அப்படியா இருக்கும்? நடுவில் ஓர் இடத்தில் தண்டவாள இணைப்பு இறங்கி ஒரு விரற்கடைப் பள்ளம் கிடந்தது. குட்டைக் கயிறு இருந்தவரை டிராலியின் மூக்கு லேசாக எழும்பி அதைத் தாண்டிவிடும். வீண் என்று அவள் தள்ளிவிட்ட அந்த மேல்விசைதான் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தது. கயிறு நீண்டபிறகு மூன்று நாள் பாதி லோடு, இடறி இடறித் தாண்டியது. நான்காம் நாள் முழு லோடு. சக்கரம் பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டது. கொளஞ்சியப்பன் கயிற்றைப் போட்டுவிட்டு வந்து, பள்ளத்தை அடைக்க ஓட்டுச் சில்லு ஒன்றைச் சக்கரத்தின் முன்னால் செருகினான். பின்னால் இருந்தவர்களுக்கு அடுக்கு மறைத்தது. அவர்கள் தள்ளிக்கொண்டேயிருந்தார்கள்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் வலது கையை மணிக்கட்டோடு எடுத்தார்கள்.

வீட்டுக்கு அழைத்து வந்த மறுநாள் மாணிக்கவேல் வந்தான். வாசலிலேயே உட்கார்ந்து தேம்பினான். "இப்பத்தான் புரியுது அண்ணி, அந்தக் கயிறு ஏன் குட்டையா இருந்துதுன்னு. எங்க ஒருத்தனுக்கும் தெரியல" என்றான். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டிடலாம். அந்தப் பள்ளத்தச் சரி பண்ணுங்கன்னு எத்தினி வாட்டி சொன்னோம், மேனேஜர் காதுலயே போட்டுக்கல. அவன் பேர எழுதுங்க. சாயந்திரமா வந்து வாங்கிக்கறேன்" என்று சொல்லிப் போனான்.

கோர்ட்டுக்குப் போக வழியில்லாதவர்களுக்கு அந்தப் பக்கத்தில் கொளஞ்சியப்பர் சாமிதான் ஜட்ஜு. குறையையும், குற்றம் செய்தவர் பேரையும் விலாசத்தையும் எழுதிக் கட்டிவிட்டால் தொண்ணூறு நாளுக்குள் தீர்ப்பு வந்துவிடும் என்று நம்பிக்கை.

கயல்விழி எழுத உட்கார்ந்தாள். பிராது கொடுப்பவர் கொளஞ்சியப்பன், விலாசம் இன்னது என்று எழுதினாள். எதிராளி என்ற இடத்தில் பேனா நின்றது. மேனேஜர் யோக்கியன் இல்லை, அதை அந்த சாமியும் அறியும். ஆனால் பள்ளம் வருஷக்கணக்காகக் கிடந்தது, புருஷன் கையும் இருந்தது. பேனாவை மறுபடி அந்த இடத்தில் வைத்தாள். கயல்விழி, கணவர் பெயர் கொளஞ்சியப்பன் என்று எழுதினாள். கீழே அதே கதவு எண்ணை இரண்டாம் தடவை எழுதினாள்.

"முடிஞ்சிதா?" கட்டிலில் இருந்து கேட்டான்.

"ம். கையெழுத்து..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ரேகை வச்சிடறேன் கொண்டா. ஒண்ணு சொல்லட்டா கயலு? அந்த மூணு நாளும் தோளு வலிக்கவே இல்ல. உன் கணக்கு சரிதான்."

அவனுடைய இடது கட்டைவிரலில் பேனா மையைத் தடவினாள்.

"படிச்சிப் பாருங்க" என்றாள்.

"எதுக்கு? நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி, காகிதத்தைப் பார்க்காமலேயே விரலை அழுத்தினான்.