நாலு லயத்துக்கும் ஒரே குரல்

என்ஜின் வேலையில் என்னை மிஞ்ச மலாயாவில் ரந்தாவ் ஊரைச் சுற்றியிருந்த எந்த ரப்பர்த் தோட்டத்திலும் ஆள் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்வது சிலருக்குப் பிடிக்காது. பிடிக்காவிட்டால் போகட்டும். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போகும்போது உடைத்துப் போட்ட ஃபேக்டரி என்ஜினை ஒரே வாரத்தில் ஓடவைத்தவன் இந்த இராஜமாணிக்கம்தான்.

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷம், தோட்டத்துக்குப் பொறுப்பாயிருந்த ஜப்பானிய அதிகாரி எங்கிருந்தோ ஒரு சினிமாக் கொட்டகை ஒலிபெருக்கியைக் கொண்டுவந்தான். அகன்ற வாயுள்ள நீளக் குழாய். எங்கள் ஃபேக்டரி மேட்டின் உச்சியில் இருக்கிறது; நான்கு பக்கச் சரிவிலும் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள், நான்கு லயங்கள். குழாயை எந்தப் பக்கம் திருப்பினானோ அந்தப் பக்கம் மட்டும் கேட்டது. மற்ற மூன்று லயத்து ஆட்களும் காதில் விழவில்லை என்று கையை விரித்தார்கள். அவர்களுக்கு அது வசதியாகவும் போயிற்று.

அதிகாரி என்னைக் கூப்பிட்டான். அரைகுறை மலாயில் அவன் சொன்னதைக் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி திருநாவுக்கரசு தமிழில் விளக்கினார். பத்து நாளில் நாலு லயத்துக்கும் ஒரே நேரத்தில் கேட்கவேண்டும். கேட்டால் என் கையில் ஒரு துணிப்பட்டை கட்டுவான். அது இருந்தால் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடிக்கமாட்டார்கள். கேட்காவிட்டால் அடுத்த லாரியில் நான். எங்கள் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனவர்களில் ஒருவர்கூட அதுவரை திரும்பவில்லை.

"பத்து நாளு எதுக்கு? ஆறு போதும்னு சொல்லுங்கய்யா."

"வாய வச்சிக்கிட்டு சும்மா இருலா," என்று முணுமுணுத்துவிட்டு, கிராணி பத்துக்கே தலையாட்டினார்.

முதல் வேலையாகக் குழாயைக் கழற்றி எறிந்தேன். கவிழ்த்த கிண்ணத்தின் முதுகில் தண்ணீர் விட்டால் சுற்றிலும் ஒரே மாதிரி வழியும் அல்லவா? சத்தத்தையும் அப்படி வழியவிட்டால் என்ன? ஸ்பீக்கரை மண்ணெண்ணெய் டின்னுக்குள் வானம் பார்க்கப் படுக்கவைத்தேன். அதற்கு மேலே, ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றும் தகரப் புனலின் வாலை வெட்டி, கூராக ஈயம் வைத்து அடைத்து, கூர் கீழே பார்க்கத் தொங்கவிட்டேன். மேலே எழும்பும் சத்தம் கூரில் பிளந்து, புனலின் சரிவில் வழுக்கி, எட்டுத் திசைக்கும் போகவேண்டும். இரண்டு விரல் இடைவெளியில் கீச்சிட்டது. நான்கு விரலில் குரல் தெளிந்தது. டின்னுக்குள் கோணிச் சாக்கைத் திணித்ததும் தகர இரைச்சலும் அடங்கியது.

என் மச்சான் முனியாண்டி நாலு லயத்துக்கும் ஓடிப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க வந்தான். "மாமா, நம்ம வீட்டு அடுப்படி வரைக்கும் கேக்குது. அக்கா பயந்துபோயி கரண்டியக் கீழ போட்டிருச்சு."

ஒரு தொல்லை மட்டும் மிச்சம். எல்லாப் பக்கமும் போகிற சத்தம் மைக்குக்கும் திரும்பி வந்து ஊளையிட்டது. அதனால் மைக்கை என்ஜின் ரூமுக்கு அடுத்த அறையில் வைத்து, ஜன்னலை அடைத்து, சுவரெல்லாம் சாக்குத் தொங்கவிட்டேன். உள்ளே இருப்பவருக்கு என்ஜின் சத்தம்தான் கேட்கும். வெளியே ஒலிபெருக்கி என்ன சொல்கிறதென்று தெரியாது.

பத்தாம் நாள் காலை. ஆம்பிளைகளுக்கு அரிசி கொடுக்கிறோம், காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்களத்துக்கு வாருங்கள் என்று கூப்பிடுவதாகத் திட்டம். எத்தனை பேர் வருகிறார்களோ அதுதான் எனக்குப் பரீட்சை. அரிசியைக் கண்ணால் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. நானும் ஆசையோடுதான் இருந்தேன். காவல்காரன் என்னை அறைக்குள் கூட்டிப்போகும்போது ஃபேக்டரிக்குப் பின்னால் மூன்று லாரிகள் நின்றன. எதிலும் ஒரு மூட்டைகூட இல்லை. கயிறு கிடந்தது.

அரிசி கொண்டுவந்த லாரிகள் அல்ல, ஆள் பிடிக்க வந்தவை. முனியாண்டிக்குப் பத்தொன்பது வயது. முதல் ஆளாக ஓடிவருவான்.

கதவைச் சாத்தி, உள்பக்கம் துப்பாக்கியோடு ஆள் நின்றான். வெளியே போய்ச் சொல்ல வழியில்லை. மேசையில் மைக், அதன் முன்னால் தாளோடு கிராணி, என் கை ஆம்ப்ளிஃபயர் திருகில். அதிகாரி சிகரெட் பற்றவைத்தான். சத்தம் கூடும் பக்கமாகத் திருகை மெல்ல முழுசாகத் திருப்பினேன். கிராணி அதைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. தாளைப் படிப்பவர்போலக் குனிந்துகொண்டார்.

அதிகாரியிடம் மலாயில் பணிவாகக் கேட்டேன். எவ்வளவு நேரம் என்ஜின் ஓட்டவேண்டும், துவான்? எத்தனை லாரி ஏற்றவேண்டும்?

"லோரி தீகா. ஓராங் செராத்துஸ்," என்றான். மூன்று லாரி, நூறு ஆள்.

"பெராஸ், துவான்?" அரிசி எங்கே என்றேன்.

அவன் சிரித்தான். "பெராஸ் தாடா. செமுவா பெர்கி சியாம்." அரிசி கிடையாது, எல்லாரும் சயாமுக்கு. இந்த அளவு மலாய் தெரியாத ஆள் எங்கள் தோட்டத்தில் இல்லை.

பிறகு கிராணி தாளை எடுத்து, ஆளுக்கு ஒரு டின் அரிசி என்று நடுங்காமல் வாசித்தார். அந்த மனிதருக்கு அவ்வளவு தைரியம் இருக்குமென்று நான் நினைத்ததே இல்லை.

அரை மணி நேரம் ஆயிற்று. களத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. அதுவரை ஆட்களின் கண்ணில் படாமல் என்ஜின் ரூமுக்குள் பதுங்கியிருந்த சிப்பாய்கள் லயங்களுக்கு ஓடினார்கள். ஆண்கள் யாருமில்லை. இருந்த பெண்களும் கிழவர்களும் எந்தச் சத்தமும் கேட்கவில்லை என்றார்களாம்.

அதிகாரி என் சட்டையைப் பிடித்தான். மெஷின் வேலை செய்ததா இல்லையா? செய்தது என்றால், பிறகு ஏன் ஒருவனும் வரவில்லை என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் கிராணியின் தலையிலும் நாலு லயத்தின் தலையிலும் விடியும். செய்யவில்லை என்றால் லாரி.

"ரோசாக், துவான்," என்றேன். பழுது.

கன்னத்தில் அறை விழுந்தது. அதைவிட, என் கையால் செய்ததிலேயே சிறந்த பொருளை என் வாயாலேயே பழுது என்று சொன்னதுதான் வலித்தது.

மூன்று லாரியில் இரண்டு காலியாகக் கிளம்பின. மூன்றாவதில் நான் ஒருவன், காவலுக்கு ஒருவன். நாலாம் லயம்தான் ஃபேக்டரிக்கு அதிக தூரம். பாதை அங்கிருக்கும் எங்கள் வீட்டை ஒட்டிப் போகிறது. வாசலில் பாதி பிளந்த கட்டையில் கோடாலி அப்படியே நின்றது. முனியாண்டியைக் காணோம். என் மனைவி மயிலம்மாள் மட்டும் நின்றாள். லாரியில் என்னைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள். காவல்காரன் அவளையே பார்த்தான். அவள் கூப்பிடவில்லை, ஓடிவரவில்லை. மெல்லக் கையை உயர்த்தி, முடியை ஒதுக்குகிறவள்போலக் காதைத் தொட்டுக் காட்டினாள்.

நாலாம் லயத்திலும் கேட்டிருக்கிறது. அவளைப் பார்த்தபடியே அழுதேன். அவ்வளவு பெருமையாக இருந்தது.