பனிமலையில் இரண்டு ஜாடி

மகள் ஓநாயிடம் கடி வாங்கியபோது லிஃப்ட் மெக்கானிக் ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். ஆறும் ஓநாயும் கம்ப்யூட்டருக்குள். அவர் உட்கார்ந்திருந்தது ஓர் அச்சகத்தின் மாடியிலிருந்த ஒற்றை அறையில், பனியனோடு, கால் ஆடுகிற பிளாஸ்டிக் நாற்காலியில். மகள் இருந்தது வேறோர் ஊரில், கல்லூரி விடுதியில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை இருவரும் அந்தப் பனிக்காட்டில் பிழைப்பு நடத்துவார்கள். மரம் வெட்டுவது, குடிசை கட்டுவது, வேட்டையாடுவது, சாகாமல் இருப்பது. விளையாட்டே அவ்வளவுதான். போனில் பேசினால் "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்று இரண்டே நிமிஷத்தில் வறண்டுபோகிற பேச்சு, சேர்ந்து விறகு வெட்டும்போது மட்டும் எப்படியோ ஊறிவிடும். விளையாட்டைத் தொடங்கும்போது ஆளுக்கு ஓர் உயிர்தான் என்று அமைத்தவள் மகள். செத்தால் செத்ததுதான். "அப்பதான்பா ஜாக்கிரதையா இருப்போம்" என்றாள்.

அந்த உலகத்தில் சாராயம் இல்லாமல் குளிர்காலத்தைத் தாண்ட முடியாது. பார்லியைத் தண்ணீரோடு பீப்பாயில் போட்டு மூன்று நாள் விட்டால் பியர். அதைத் தாமிரக் கொப்பரையில் ஊற்றி நிதானமான தீயில் காய்ச்சினால் சாராயம். முதலில் சொட்டுவதைக் கீழே கொட்டிவிட வேண்டும். அதைக் குடித்தால் கண் போய்விடும். பின்னால் வருவதைக் காயத்தில் ஊற்றினால் சீழ் பிடிக்காது. குடித்தால் கொஞ்ச நேரத்துக்குக் குளிர் உறைக்காது, திரை மட்டும் லேசாக ஆடும். காய்ச்சுவதெல்லாம் மகளின் வேலை. அவர் விறகு பிளந்துபோடுவார், பார்லி மூட்டையைக் கொண்டுவந்து இறக்குவார், கொப்பரை கொதிக்கத் தொடங்கியதும் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பிவிடுவார். நிஜத்தில் அவர் குடியை விட்டுப் பதினாலு மாதம். விளையாட்டில்கூட அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்பதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. சொல்லிக்காட்டியதில்லை. மகள் கவனிக்காமலா இருப்பாள் என்று நினைத்துக்கொள்வார்.

"அப்பா, ஓநாய் கடிச்சிருச்சு. மலை உச்சிகிட்ட இருக்கேன். காய்ச்சல் வந்துருச்சு, நடக்க முடியல."

"சாராயம் கொண்டுபோகலையா?"

"ஒரு ஜாடிதான் கொண்டுவந்தேன். வழியிலயே குளிருக்குத் தீந்துபோச்சு."

"அசையாத. இதோ வரேன்."

தூண்டிலைப் போட்டது போட்டபடி குடிசைக்கு ஓடினார். உள்ளே வரிசையாக ஆறு பெட்டிகள். தோல் பெட்டி, இறைச்சிப் பெட்டி, ஆணி, கயிறு, விதை. எதையும் தொட்டவுடன் திறந்துகொள்ளும். கொப்பரைக்குப் பக்கத்தில் இருந்த கடைசிப் பெட்டியைத் தொட்டார். திறக்கவில்லை. நாலு எண் கேட்டது.

தப்பான பெட்டியோ என்று நினைத்தார். காட்டில் இவர்கள் இரண்டு பேரைத் தவிர வேறு ஆள் கிடையாது. ஓநாய் வந்து பெட்டியைத் திறக்கப்போவதில்லை. பிறகு யாருக்காகப் பூட்டு என்று ஒரு நொடி யோசித்தார். அதற்கு மேல் யோசிக்கத் தேவைப்படவில்லை.

"குட்டி, பெட்டி பூட்டியிருக்கு."

திரையின் ஓரத்தில் மகளின் உயிரைக் காட்டும் சிவப்புக் கோடு தேய்ந்துகொண்டே வந்தது.

"நம்பர் என்னம்மா?"

"வேணாம்பா. விட்டுடு. செத்தா சாகட்டும், மறுபடி ஆரம்பிச்சுக்கலாம்."

எட்டு மாத உழைப்பு. ஒவ்வொரு பலகையும் அவள் அறுத்தது. பூட்டு எண்ணைச் சொல்வதைவிடச் சுலபமாக அதை விட்டுக்கொடுக்கிறாள். அவருக்கு முகமெல்லாம் சூடேறியது. கோபம் என்றுதான் முதலில் நினைத்தார், கோபமில்லை, அவமானம். அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது, அவர் குடிக்கப் பணம் எடுத்துவிடக்கூடாதென்று, அவளுடைய அம்மா அலமாரிச் சாவியைக் கயிற்றில் கோத்து அவள் கழுத்தில் மாட்டிவிட்டிருந்தாள். பள்ளிக்கூடச் சீருடைக்குள் கைவிட்டு அந்தச் சாவியைப் பிடுங்கியவர் அவர்தான். அன்றைக்கு அவள் அழவில்லை, விலகி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குட்டி. நம்பரைச் சொல்லு."

"நான் யோசிச்சுப் பூட்டலப்பா. சத்தியமா. பெட்டி செஞ்சதும் கை தானாப் பூட்டிருச்சு. அப்புறம் பூட்டை எடுக்கணும்னு நெனச்சேன்..."

"தெரியும்மா. சொல்லு."

நாலு, நாலு, ஏழு, ஒன்று என்றாள். குரல் உள்ளே போயிருந்தது.

உள்ளே பன்னிரண்டு ஜாடிகள். அவர் இரண்டை எடுத்துக்கொண்டார். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் உதிரிபாகம் ஒன்று கூடுதலாக எடுத்துப்போவது தொழில் பழக்கம். கம்பளி அங்கி கதவோரம் தொங்கியது. இருந்த இருப்பில் அது அவர் கண்ணில் படவேயில்லை.

பாதி மலையில்தான் உறைத்தது. திரை ஓரங்களில் பனிப்பூ பூத்தது. அவருடைய ஆள் நடுங்கினான், தடுமாறினான். திரும்பிப்போக நேரமில்லை. இன்னும் கொஞ்ச தூரம், மேலே பாறையடியில் மகள் ஒரு கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தாள். அப்போது திரையின் நடுவில் ஒரு வரி வந்தது: உறைகிறீர்கள். சாராயம் குடிக்கவா?

ஒரே ஒரு பொத்தான். விரலை அதன்மேல் கொண்டுபோனார். நிஜமாகவே அவர் நாக்கில் எச்சில் ஊறியது. பதினாலு மாதத்துக்குப் பிறகும் உடம்புக்கு வெட்கம் என்பதே இல்லை. மகளுக்காக விரலை நிறுத்தினார் என்று சொன்னால் பொய். திரை ஆடும், அந்த ஆட்டம் தனக்குப் பிடித்துப்போகும் என்று பயந்தார். அதுதான் உண்மை. விரலை எடுத்துக்கொண்டு நடந்தார்.

மகளை எட்டப் பத்தடி இருக்கும்போது அவருடைய ஆள் முட்டிபோட்டுக் குப்புற விழுந்தான். திரை நிறமிழந்தது. 'இறந்துவிட்டீர்கள்' என்று எழுத்து வந்தது. கீழே, 'புதிதாகத் தொடங்கு' என்று ஒரு கட்டம். அதை அழுத்தும்வரை விழுந்த இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கலாம்.

மகள் காலை இழுத்துக்கொண்டு வந்தாள். விழுந்துகிடந்த ஆளின் பையைத் திறந்து ஒரு ஜாடியை எடுத்துக் காலில் ஊற்றினாள். சிவப்புக் கோடு தேய்வது நின்றது. மறுபடி பையைப் பார்த்தாள்.

"ரெண்டு இருக்கு" என்றாள். "ரெண்டு வெச்சுக்கிட்டு ஏம்பா செத்த? ஒண்ணு குடிச்சிருந்தா வந்திருப்பியே."

"ம்."

"வீம்பா? இது வெறும் கேம்தானேப்பா!"

"பெட்டியும் கேம்தானே குட்டி."

குத்திக்காட்டவேண்டும் என்று சொல்லவில்லை. ஆனாலும் வாயைவிட்டுப் போனபிறகு அள்ள முடியாது. ஹெட்போனில் மகள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

மகள் எழுந்து நிற்கவில்லை. அவளுடைய சின்னஞ்சிறு உருவம் அவருடைய ஆளின் தலைமாட்டில் உட்கார்ந்தது. பனி கொட்டத் தொடங்கியது. முதலில் அவர் முதுகு மறைந்தது, பிறகு அவள் தோள்மேல் வெள்ளை ஏறியது. கட்டத்தை அவர் அழுத்தவில்லை.

"பனி ஏறுது பாரு. வீட்டுக்குப் போ குட்டி."

"போறேம்பா" என்றாள். அசையவில்லை.