பத்து நொடி முன்னால்

பெர்கித்தின் காலில் ஒரு சுளுக்காவது பிடிக்கக் கூடாதா என்று தோருன் மூன்று குளிர்காலமாக ஏங்கிக்கொண்டிருந்தாள். பிடிக்கவில்லை. தோருனுக்குத்தான் தோள்பட்டை வலி வந்து, முதல் தேர்வுப் பந்தயத்தில் பாதி வழியிலேயே நின்றுவிட்டாள்.

இருவருக்கும் ஒரே பள்ளத்தாக்கு, ஒரே பனிச்சறுக்குச் சங்கம், ஒரே வயது. பதினைந்து வயதுவரை தோருன் முதல், பெர்கித் இரண்டாவது. அப்போதெல்லாம் பெர்கித் மூச்சிரைக்க வந்து கட்டிப்பிடித்து, "பறந்துட்டடி" என்பாள். தோற்ற வருத்தம் துளிகூட முகத்தில் இருக்காது. அதுவே தோருனுக்குக் கொஞ்சம் எரிச்சல். பிறகு ஒரே கோடையில் அந்த ஒல்லிக்குச்சிக்குத் தோள் அகன்று, கை வலுத்து, முதலும் இரண்டும் இடம் மாறிவிட்டன. கட்டிப்பிடிக்கும் வேலை இப்போது தோருனுடையது. அவள் அதைச் செய்யவே இல்லை. பெர்கித் ஜெயித்து வந்து நின்றால், இன்றைக்குப் பனி நல்ல வழுக்கல், யார் வேண்டுமானாலும் ஓடலாம் என்பாள். இல்லாவிட்டால் சறுக்குப் பலகை வழுக்கிப் போக மெழுகு பூசியவரைப் பாராட்டுவாள். ஒருமுறை பதக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த வருஷம் சின்னதாகப் போட்டிருக்கிறார்களே என்றாள்.

இன்று கடைசித் தேர்வு. நார்வே அணியில் ஓரிடம்தான் மீதி. ஒன்று பெர்கித், இல்லாவிட்டால் வடக்கிலிருந்து வந்த யோரித். அரை நிமிடத்துக்கு ஒருத்தியாகக் கிளம்புவதால், முன்னால் இருக்கிறோமா பின்னால் இருக்கிறோமா என்பது ஓடுகிறவளுக்கே தெரியாது. காட்டுக்குள் நிற்கும் சங்கத்து ஆட்கள் கத்திச் சொன்னால்தான் உண்டு. பயிற்சியாளர் கோல்பெயின் தோருனைக் கடைசி மேட்டில் நிறுத்தினார். பள்ளத்தாக்கிலேயே பெரிய தொண்டை அவளுடையதாம். அந்த மனிதருக்குக் கண்ணே கிடையாதா என்று நினைத்தாள். மாட்டேன் என்றால் பொறாமை என்பார்கள். போனாள்.

மேட்டில் நெருப்பு மூட்டிக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். ஓர் அம்மாள் சுட்ட சாசேஜ் ஒன்றைக் கையில் கொடுத்து, சிநேகிதி நார்வே அணிக்குப் போனால் உனக்கும் பெருமைதானே என்று கேட்டாள். பெருமைதான் என்றாள் தோருன். நார்வே அணிக்குப் போனவர்களின் படங்கள் மாட்டிய சங்கத்து அறைச் சுவரில் ஜன்னலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் காலியாக இருக்கிறது. பன்னிரண்டு வயதில், அதுதான் என் படம் மாட்டும் இடம் என்று அவள் முடிவு செய்து வைத்திருந்தாள். இன்று அங்கே பெர்கித்தின் படத்துக்கு ஆணி அடித்துவிடுவார்கள்.

யோரித் கடந்து போனாள். சற்றுப் பொறுத்து வாக்கிடாக்கியில் கோல்பெயினின் குரல் வந்தது. "பெர்கித் மூணு நொடி பின்தங்கியிருக்கா. சொல்லு, உயிரக் கொடுத்து ஓடச் சொல்லு."

பெர்கித் வளைவில் தெரிந்தாள். முகவாயில் எச்சில் உறைந்திருந்தது. கண்கள் நெருப்பையும் கூட்டத்தையும் விட்டுத் தோருனை மட்டும் தேடின. அந்த நம்பிக்கையைப் பார்த்ததும் தோருனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெர்கித்தின் பக்கத்திலேயே ஓடிக்கொண்டு கத்தினாள்.

"பத்து நொடி முன்னால இருக்கடி. இடம் உனக்குத்தான். விழாம போ, போதும். அழகா ஓடுற."

பெர்கித் தலையைத் திருப்பி ஒரே ஒரு முறை பார்த்தாள். மறுகணம் இரண்டு கோல்களையும் பனியில் குத்தி, பேய் துரத்துவது போல இறக்கத்தில் பாய்ந்தாள்.

காதில் விழவில்லை போலிருக்கிறது என்று தோருன் நினைத்தாள். பிறகுதான் செய்தது உறைத்தது. ஆனாலும் பலகைகளை மாட்டிக்கொண்டு பந்தயம் முடியும் மைதானத்துக்கு இறங்கும்போது, அவள் தோற்றிருக்க வேண்டும் என்றுதான் மனம் வேண்டிக்கொண்டே வந்தது. ஒலிபெருக்கி பெர்கித்தின் பெயரைச் சொன்னது. இரண்டு நொடி வித்தியாசத்தில் வெற்றி. எதிரே வந்த கோல்பெயின், உன் தொண்டைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும் என்று தோளில் தட்டினார். வலிக்கிற தோள்தான் அவருக்குத் தட்டக் கிடைத்தது.

பனியில் மல்லாந்து கிடந்த பெர்கித் கையசைத்துக் கூப்பிட்டாள். வாக்கிடாக்கியில் தவறாகக் கேட்டுவிட்டது என்று சொல்லத் தயாராகிக்கொண்டு தோருன் போய் நின்றாள்.

"நெசமா எவ்வளவு பின்னால இருந்தேன்?"

தயாரித்து வைத்திருந்தது வாயில் வரவில்லை. "மூணு."

"மூணுதானா? நான் பதினஞ்சு நொடியாவது இருக்கும்னுல்ல பயந்தேன்." பெர்கித் சிரித்தாள், சிரிப்பு இருமலாக மாறியது. "முன்னால இருந்திருந்தா நீ வாயையே தொறந்திருக்க மாட்ட. இதுல அழகா ஓடுறேன்னு வேற. என்னைக்குடி நீ எனக்கு நல்லதாச் சொல்லியிருக்க? அப்பவே புரிஞ்சுபோச்சு."

அவள் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் திருப்பி ஏதாவது பேசியிருக்கலாம்.

பெர்கித் தலையைத் தூக்கிப் பயிற்சியாளரைக் கூப்பிட்டாள். "கோல்பெயின், அடுத்த பந்தயத்துக்கும் இவளையே மேட்டுல நிறுத்துங்க." ஒன்றும் புரியாத கோல்பெயின் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

தோருன் குனிந்து, அவள் கால்களிலிருந்து பலகைகளைக் கழற்றினாள். பறந்துட்டடி என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. இந்த முறை அது உண்மை. ஆனால் சொன்னால் இனி யார் நம்புவார்கள்?

"இன்னைக்குப் பனி நல்ல வழுக்கல்," என்றாள்.

"ஆமாண்டி," என்று பெர்கித் எழுந்திருக்கக் கையை நீட்டினாள்.