தம்பிக்குச் சொல்லிக்கொடுத்த ஆங்கிலம்

அப்பா போன பிறகு அந்த வீட்டில் நாலு காசு சம்பாதிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தாள். அதே ஆங்கிலத்தைக் கடல் தாண்டிப் போய்ச் சொல்லிக்கொடுத்தால் குடும்பம் நிமிர்ந்துவிடும் என்று தோன்றியது, கிளம்பிவிட்டாள். தம்பி அப்போது கல்லூரியில் சேர்ந்திருந்தான். வழியனுப்ப வந்த இடத்தில் அம்மா அழவில்லை. "வேளைக்குச் சாப்பிடு. வகுப்புல ரொம்பக் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்காத" என்று மட்டும் சொன்னாள்.

அவளுக்கு வேலை கிடைத்த பயிற்சி நிலையம் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. வேலை முடித்துவிட்டு வரும் பெரியவர்கள்தான் மாணவர்கள்: டாக்சி ஓட்டுகிறவர்கள், கிடங்குக் காவலர்கள், ஹோட்டல் ஊழியர்கள். கீழே சக்கரம் கழற்றும் இயந்திரம் அலறினால் மேலே பாடம் பாதியில் நிற்கும். ரப்பர் வாடை புடவையில் ஏறி, துவைத்தாலும் போகாது. தங்கியிருந்த அறையில் இன்னும் மூன்று பெண்கள். ஃப்ரிட்ஜில் ஆளுக்கு ஒரு தட்டு, குளியலறைக்கு ஆளுக்கு ஒரு நேரம். இப்படியே வருடங்கள் ஓடின. தம்பி படித்து முடித்தான், அவனுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்தன, ஓட்டு வீடு மாடி வீடானது. அவளுக்கும் வரன்கள் வந்தன. "இந்த வருஷம் போகட்டும்" என்று அவளே தள்ளித் தள்ளிப் போட, ஒரு கட்டத்தில் யாரும் அந்தப் பேச்சையே எடுக்காமல் விட்டுவிட்டார்கள்.

அதற்கெல்லாம் அவள் யார் மேலும் குறை சொன்னதில்லை. அவள் நெஞ்சில் தீ வைத்தது வேறு விஷயம்.

அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது போனில் பேசியதெல்லாம் தம்பிதான்.

"சாதாரணக் காய்ச்சல் அக்கா. டாக்டர் பார்த்துட்டார். நீ எதுக்கு லீவு போட்டு வேலையைக் கெடுத்துக்கற?"

"அம்மாகிட்ட குடு, ஒரு வார்த்தை பேசிக்கறேன்."

"இப்பதான் கண்ணசந்தாங்க. எழுப்ப வேண்டாமே."

அவள் எப்போது கூப்பிட்டாலும் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மாவின் போன் கீழே விழுந்து உடைந்துவிட்டது என்றான். அவளும் நம்பினாள். கூடப் பிறந்தவன் சொல்வதை நம்பாமல் வேறு யார் சொல்வதை நம்புவது? ஒரு நாள் மாலையில், வகுப்புக்குப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது, அம்மா போய்விட்டாள் என்று செய்தி வந்தது. அடித்துப் பிடித்து வீடு போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சொந்தக்காரர்கள் அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். துக்கத்தில் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

திரும்பிப் போவதற்கு முன் தலைவலி மாத்திரை வாங்கத் தெருமுனை மருந்துக்கடைக்குப் போனாள். அங்கே இருந்த வயதான கம்பவுண்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"வெளிநாட்டுல இருக்கற பொண்ணு நீங்கதானா?"

"ஆமா."

"தப்பா நினைச்சுக்காதீங்க. அம்மாவுக்கு ஊசி போட நான்தான் வந்துட்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'என் பொண்ணு வந்துட்டாளா'ன்னு கேப்பாங்க. 'அவளுக்கு வர இஷ்டமில்லம்மா, வேணும்னா பணம் அனுப்பறேங்கறா'ன்னு உங்க தம்பி சொல்லுவாரு. அம்மா செவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்குவாங்க." மாத்திரையைக் காகிதத்தில் மடித்து நீட்டினார். "ஒரு எட்டு வந்துட்டுப் போயிருக்கலாம்மா நீங்க."

அவள் மாத்திரையை வாங்கிக்கொண்டு நடந்தாள். தம்பி ஏன் அப்படிச் செய்தான் என்பதை யோசித்து உணரத் தெருவின் நீளம் போதுமானதாக இருந்தது. அவள் வந்திருந்தால் அம்மா "இனிமே போகாதடி" என்று சொல்லியிருப்பாள். அவளும் அங்கேயே தங்கியிருப்பாள். மாதம் பிறந்தால் வரும் பணம் நின்றுபோயிருக்கும்.

வீட்டுக்குள் நுழைந்தபோது தம்பி நாற்காலியில் சாய்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதே சட்டையைப் பிடித்திருக்கலாம். ஆனால் சட்டையைப் பிடித்தால் அழுவான், காலில் விழுவான், நாலு பேர் வந்து "விடும்மா, தம்பிதானே" என்பார்கள். அதோடு விஷயம் ஆறிப்போகும். அது ஆறக் கூடாது என்று அவள் நினைத்தாள். "தலைவலி எப்படி இருக்கு அக்கா?" என்று கேட்டான். "பரவாயில்ல" என்றாள்.

திரும்பி வந்து பழையபடி பாடம் எடுத்தாள், பழையபடி பணமும் அனுப்பினாள். அவனுக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாதே. ஓடுமீன் ஓட, உறுமீன் வரும்வரைக்கும் காத்திருக்கும் கொக்கு போல உள்ளுக்குள் கறுவிக்கொண்டு இருந்தாள்.

உறுமீன் தானாகவே வந்தது. தம்பி மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த ஃபர்னிச்சர் கடையை மூடிவிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போன் செய்தான்.

"அக்கா, உன் ஸ்டூடன்ட் ஒருத்தர் பெரிய ஹோட்டல்ல மேனேஜர்னு சொன்னியே. எனக்கு அங்க ஏதாவது பார்க்க முடியுமா? இங்கிலீஷ்தான் கொஞ்சம் தடுக்குது. நீ சொல்லிக்குடுத்தா ஏறிடும்."

"அதுக்கென்ன," என்றாள். "சொல்லிக்குடுக்கறேன்."

அந்த மேனேஜர் அவளுடைய வகுப்பில் முதல் வரிசைக்காரர். அவருக்கு மற்றவர்கள் வைத்திருந்த பெயர் 'டீச்சர் ஒரு நிமிஷம்'. எந்தச் சொல்லையும் சந்தேகம் கேட்காமல் விடமாட்டார். டீச்சர் வாய் திறந்து கேட்ட முதல் உதவி என்பதால், ஹோட்டலின் வரவேற்பு மேசைக்குப் பொறுப்பாளர் தேடும் நேர்காணலில் தம்பியின் பெயரைச் சந்தோஷமாகச் சேர்த்தார்.

பாடம் தொடங்கியது. தம்பி முட்டாள் இல்லை. இலக்கணத்தைத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் எங்கேயாவது சரிபார்த்துவிடுவான். அதனால் அவள் ஒரு இலக்கணத்தையும் தொடவில்லை. தொனியில் மட்டும் கை வைத்தாள்.

"யாரையாவது ஒண்ணு செய்யச் சொல்லணும்னா 'ப்ளீஸ்' போடாத. அது படிக்காதவங்க பேசறது. 'யூ ஹேட் பெட்டர்'னு ஆரம்பி. அதுதான் உயர்ந்த மரியாதை."

"யூ ஹேட் பெட்டர் வெயிட் ஹியர். சரியா?"

"அருமை."

'இங்கே காத்திரு, இல்லாவிட்டால் நடக்கிறதே வேறு' என்று மிரட்டுகிற மாதிரி இருக்கும் அது. ஆனால் அகராதியைப் புரட்டினால் 'செய்வது நல்லது' என்றுதான் போட்டிருக்கும். ஏதாவது கேட்டால் 'எஸ்' என்று சொல்லாமல் 'ஆப்வியஸ்லி' என்று சொல்லச் சொன்னாள். 'இதுகூடத் தெரியாதா உனக்கு' என்று கேட்கிற சொல் அது. கோபமாக வரும் விருந்தாளியிடம் 'காம் டவுன்' என்று சொல்லிவிட்டு 'வாட்ஸ் யுவர் பிராப்ளம்' என்று கேட்க வேண்டும் என்றாள். 'கத்தாதே, உனக்கு என்னதான் பிரச்சினை' என்று சண்டைக்கு இழுக்கிற பேச்சு அது. ஒவ்வொன்றையும் நெஞ்சை நிமிர்த்தி, குரலை அழுத்திச் சொல்லப் பழக்கினாள். தம்பிக்கு அது சுலபமாக வந்தது. அதிகாரமாகப் பேசுவது அவன் கூடவே பிறந்த குணம். தவளைக்கு அதன் வாயையே கொஞ்சம் அகலப்படுத்திக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

"உன்னை மாதிரி அக்கா யாருக்குக் கிடைக்கும்?" என்றான் ஒரு நாள்.

அவள் போனை மறு கைக்கு மாற்றிக்கொண்டு அடுத்த வாக்கியத்துக்குப் போனாள்.

நேர்காணல் வீடியோவில் நடந்தது. கேள்வி கேட்டவர்களில் தலைமைப் பொறுப்பில் இருந்த பெண்மணிக்கு ஆங்கிலம்தான் தாய்மொழி. மறுநாள் வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் 'டீச்சர் ஒரு நிமிஷம்' பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. தனக்குத் தெரிந்த எளிய ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினார்.

"எங்க மேடத்தைப் பார்த்து உங்க தம்பி 'காம் டவுன்'னு சொன்னார். அவங்க கோபமாவே இல்ல. 'அடுத்த கேள்வியை நீங்க சீக்கிரம் கேக்கறது உங்களுக்கு நல்லது'ன்னார். அவங்க லேப்டாப்பை மூடிட்டாங்க."

அவள் பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"டீச்சர், இதையெல்லாம் எந்த விருந்தாளிகிட்டயும் சொல்லிடக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லித் தந்தது நீங்க. நான் எழுதி வச்சிருக்கேன். அவருக்குப் பயிற்சி குடுத்ததும் நீங்கதான்னு அவரே சொன்னார்."

"ஆமா."

"காரணம் இருக்கும்," என்றார். "ஆனா என்னை நடுவுல நிறுத்தியிருக்க வேண்டாம். அங்க எனக்கும் ஒரு பேர் இருந்துச்சு."

அதற்குப் பிறகு அவர் வகுப்புக்கு வரவில்லை. அவரைப் பற்றி அவள் யோசித்தே இருக்கவில்லை. பழிவாங்கும் வெறியில் பக்கத்தில் நின்றவர் மேல் கல் பட்டதைக் கவனிக்கவில்லை. மன்னிப்புக் கேட்க ஹோட்டல் வரைக்கும் போனாள். உள்ளே சொல்லி அனுப்பினாள். வேலையாக இருக்கிறார் என்று பதில் வந்தது. இந்த ஒன்றுக்காக மட்டும் அவள் வெட்கப்பட்டாள்.

தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்லாத்தான் பேசினேன் அக்கா. ஒரு இடத்துலகூடத் திக்கல. ஏன் வேண்டாம்னுட்டாங்க?" என்று புலம்பினான். விழுந்தது ஏன் என்றே தெரியாமல் அவன் எழுந்து போய்விட்டால் அவளுக்கு என்ன மிச்சம்? ஒவ்வொரு சொல்லுக்கும் சரியான அர்த்தத்தைப் பொறுமையாக, வகுப்பில் விளக்குவது போலவே, அவனுக்கு விளக்கினாள்.



"வேணும்னேவா பண்ணின?"

"அம்மா என்னைக் கேட்டாங்களா இல்லையா?"

"எந்த அம்மா... அக்கா, அது வந்து..."

"கேட்டாங்களா இல்லையாடா?"

"கேட்டாங்க." குரல் இறங்கியது. "நீ வந்தா திரும்பப் போகமாட்டியோன்னு பயந்துட்டேன். ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? நீ என்கிட்ட சண்டை போட்டிருக்கலாம். மூஞ்சியில காறித் துப்பியிருக்கலாம்."

"துப்பினா துடைச்சுக்குவ. என் பொண்ணுக்கு என்னைப் பார்க்க இஷ்டமில்லன்னு நினைச்சுக்கிட்டே அவங்க போய்ச் சேர்ந்துட்டாங்க. அதை இனிமே யார் போய் மாத்திச் சொல்றது? நீ போவியா?"

அவன் அழுதான். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். மனம் இளகும் என்று கொஞ்சம் பயந்திருந்தாள், இளகவில்லை. அந்த மாதத்திலிருந்து பணம் அனுப்புவதை நிறுத்தினாள்.

சில வாரங்கள் கழித்துத் தம்பியின் மனைவி கூப்பிட்டாள். அவள் கல்யாணத்துக்கு முன் ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாக இருந்தவள். வீட்டுக்குள் வந்த பிறகு அவள் குரலையே யாரும் அதிகம் கேட்டதில்லை.

"அக்கா, வெளிநாட்டு ஆஸ்பத்திரிகள்ல ஆள் எடுக்கறாங்க. நான் பரீட்சை எழுதலாம்னு இருக்கேன். எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தரீங்களா?" கொஞ்சம் தயங்கினாள். "அவருக்குச் சொல்லித் தந்த மாதிரி இல்லாம."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. உடனே அடக்கிக்கொண்டாள்.

"அம்மா என்னைக் கேட்டப்ப நீ எங்க இருந்த?"

"அடுப்படியில. எல்லாம் காதுல விழுந்துச்சு. வாயைத் திறக்கல. பயம்."

சப்பைக்கட்டு கட்டாத பதில். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று அவள் பெருந்தன்மையாக நினைத்தாள் என்று சொல்ல முடியாது. அவள் மனதில் ஓடியது வேறு. இவள் கிளம்பிவிட்டால் அந்த வீட்டில் யார் அடுப்பு மூட்டுவார்கள், யார் பிள்ளைகளைத் தலைவாரி அனுப்புவார்கள், மாதம் பிறந்தால் யார் யார் கையை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தாள். எண்ணிப் பார்க்க இனித்தது.

"நாளைக்குக் காலையில ஆரம்பிக்கலாம்," என்றாள்.

இந்த முறை ஒரு சொல்கூடக் கோணலாகப் போகவில்லை. தான் கற்ற வித்தை முழுவதையும் இறக்கினாள். அந்தப் பெண்ணும் வெறிகொண்டு படித்தாள். துணி உலர்த்தும்போது, பாத்திரம் கழுவும்போதெல்லாம் காதில் பாடம் ஓடியது. முதல் தடவையிலேயே பரீட்சையில் தேறினாள், வேலை கிடைத்தது. தம்பி முதலில் கத்தினான், பிறகு கெஞ்சினான், கடைசியில் கடன்காரர்கள் வாசலில் வந்து நின்றதும் வாயை மூடிக்கொண்டான். கிளம்புவதற்கு முன் அந்தப் பெண் சொந்தக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் சொல்லிக்கொள்ளப் போனாள். போன வீட்டிலெல்லாம் அம்மாவின் கடைசி நாட்களில் நடந்ததையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வந்தாள். அப்படிச் சொல்லும்படி யாரும் அவளிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

அவள் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு மாலையில் தம்பி கூப்பிட்டான். டீச்சர் வகுப்புக்குப் படியேறிக்கொண்டிருந்தாள்.

"இவ போனை எடுக்க மாட்டேங்கறா."

"டியூட்டியில இருப்பா."

"சின்னவன் அம்மா வேணும்னு அழறான். தெருவுல ஒருத்தன் என்னோட முகம் குடுத்துப் பேசறதில்ல. எல்லாம் உன்னால. என் குடும்பத்தையே பிரிச்சிட்ட நீ."

"நானும் ஒரு குடும்பத்தை விட்டுட்டுத்தான்டா வந்தேன். அன்னைக்கு யாரும் அதுக்குப் பிரிச்சதுன்னு பேர் வைக்கல. பொறுப்பான பொண்ணுன்னீங்க."

அவனுக்குப் பின்னால் குக்கர் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. ஒரு பிள்ளை "அப்பா, கருகுது" என்றது.

"போய் அடுப்பை அணை," என்றாள்.

அவன் போனை அப்படியே வைத்துவிட்டு ஓடினான். ஏதோ பாத்திரம் கை தவறி விழுந்தது, சுட்டுக்கொண்டான் போலிருக்கிறது, முனகினான். மேலே மாணவர்கள் காத்திருந்தார்கள். அவள் படியிலேயே நின்று, அவன் திரும்பி வரும்வரைக்கும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.