பாதியில் ஓடும் பூனை

"என் கிளாஸ்ல ஒரு பூனை இருக்கு. எந்தப் பாடத்தையும் முழுசாப் பார்க்கறதில்ல, பாதியிலேயே ஓடிடுது," என்றாள் ஆசிரியை, துவைத்த துணிகளை மடித்தபடி.

கூட மடித்துக்கொண்டிருந்த நாத்தனார் தலை நிமிரவில்லை.

மருந்துக்கடை வேலைக்கான படிப்பு ஒன்றை ஆசிரியை இணையத்தில் நடத்துகிறாள். மாணவர்கள் புனைபெயரில் சேரலாம்; 'பூனை' அப்படிச் சேர்ந்த ஒருவரின் பெயர். யார் எதுவரை பார்த்தார்கள் என்பது மட்டும் அவள் கணினியில் தெரிந்துவிடும்.

"நாளைக்குப் பூனையை நீக்கிடப் போறேன். அக்கறை இல்லாததுக்கு எதுக்கு இடம்?"

"நீக்கிடாதீங்க அண்ணி."

"பூனைக்கு நீ எதுக்கு வக்காலத்து வாங்கற?"

"அந்தப் பூனையே நான்தான்."

நாத்தனார் மருந்துக்கடையில் பில் போடுகிறாள். இந்தப் படிப்பை முடித்தால்தான் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலைக்குப் போகமுடியும்.

"என்கிட்ட சொல்றதுக்கு என்னடி?"

"சொன்னா சாப்பிடும்போதும் பரீட்சை வைப்பீங்க."

ஆசிரியைக்குச் சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது. "சரி, ஏன் ஓடற?"

நாத்தனார் தன் கைபேசியை நீட்டினாள். "கடையில எனக்குக் கிடைக்கறது டீ குடிக்கிற நேரம்தான். அதுக்குள்ள நீங்களே பார்த்து முடிச்சுக் காட்டுங்க."

பெரிய திரையில் தயாரித்த பாடத்தை ஆசிரியை முதன்முதலாகக் கைபேசியில் பார்த்தாள். அதிலிருந்த ஆசிரியை வரவேற்றாள். போன பாடத்தை நினைவூட்டினாள். ஒழுங்கின் அருமையை விளக்கினாள். மருந்துப் பெயர்கள் எறும்புகளாய் ஊர்ந்தன. பார்த்துக்கொண்டிருந்தவள் கைபேசியை முகத்தருகே கொண்டுபோனாள்.

"மூக்குல இடிச்சுக்காதீங்க அண்ணி."

"எப்பதான் பாடத்தை ஆரம்பிப்பா இவ?"

"நானும் தினமும் அதைத்தான் கேட்கறேன்."

'எல்லாருக்கும் புரிஞ்சுதா?' என்று திரையிலிருந்தவள் கேட்டுவிட்டு, தானே திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டாள்.

"யார் அண்ணி புரிஞ்சுதுன்னு சொன்னது?"

ஆசிரியை கைபேசியைக் கீழே வைத்தாள். டீ நேரம் எப்போதோ முடிந்திருந்தது.

மறுநாள் அவள் யாரையும் நீக்கவில்லை. 'எந்த இடத்தில் சிரமமாக இருக்கிறது?' என்று எல்லோருக்கும் எழுதிக் கேட்டாள். கைக்குழந்தை விழித்துவிடுமென்று சத்தமில்லாமல் பார்ப்பதாக ஒரு தாய் எழுதியிருந்தாள். பேச்சு முழுவதையும் ஆசிரியை எழுத்தாகவும் சேர்த்தாள். பாடத்தை ஒவ்வொரு சிறு துண்டாக மாற்றத் தொடங்கினாள், எழுத்தைப் பெரிதாக்கினாள். துண்டுக்கு ஒரு கேள்வி. தவறினால், ஏன் தவறு என்ற விளக்கம்.

ஒருவரை விலக்குமுன் அவர் இருக்கும் இடத்தில் சற்றே உட்கார்ந்து பார்ப்பது மிகச் சின்ன அன்புதான். கடவுள் அதைச் சின்னதாக எண்ணுவதில்லை என்று நம்புகிறேன்.

நாத்தனார் முதல் துண்டை முடித்துவிட்டுச் சமையலறைக்கு வந்தாள். "பதில் தப்பாப் போச்சு அண்ணி."

"பார்த்தேன்."

"திட்டலையா?"

"ஏன் தப்புன்னு அதிலேயே இருக்கு. படிச்சுட்டு மறுபடி போடு."

போனவள் சற்று நேரத்தில் உள்ளிருந்து குரல் கொடுத்தாள். "சரியாப் போட்டுட்டேன்! அடுத்தது எங்க அண்ணி?"

அடுத்ததை ஆசிரியை இன்னும் தயாரிக்கவே இல்லை.

"அதையெல்லாம் உங்க டீச்சர்கிட்ட கேளு," என்று சொல்லிவிட்டு, அடுப்பை அணைத்து அவசரமாகக் கணினியைத் திறந்தாள்.